மச்சான் படத்தில் ஒரு கப்பல்

மனித இனத்தின் மாபெரும் கண்டுபிடிப்புகள் தீ, சக்கரம், எழுத்து என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். நான்காவதை ஏனோ விட்டுவிடுகிறார்கள். அது 'கருத்து'. தீ மூட்ட விறகு வேண்டும். சக்கரம் செய்ய மரம் வேண்டும். எழுதுவதற்குக் கொஞ்சமாவது படித்திருக்க வேண்டும். கருத்துக்கு எதுவும் வேண்டாம், வாய் இருந்தால் போதும். இப்போதெல்லாம் அதுகூட வேண்டாம், கட்டைவிரல் போதும்.

இந்த அரிய கண்டுபிடிப்பைத் திரைப்படக் கலையின் மேன்மைக்காக முழுமூச்சாகப் பயன்படுத்திய பெருமை ஒருவரையே சேரும். அவர் குடிநீர் வழங்கல் அலுவலகத்தில், மீட்டர் பிரிவின் தலைமை ஆய்வாளர். அலுவலகத்தில் அவருக்கு 'இடைவேளை' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். போகப் போக முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரும் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

பெயர் வந்த கதை இதுதான். வெள்ளிக்கிழமை புதுப் படம் வந்தால் போதும், ஆய்வாளர் முதல் காட்சிக்குக் கிளம்பிவிடுவார். அலுவலகப் பலகையில் 'கள ஆய்வு' என்று எழுதியிருக்கும். இடைவேளை விட்டதும் தியேட்டர் படிக்கட்டின் ஓரத்தில் நின்றுகொண்டு, தொண்டையைக் கனைத்து, அலுவலகக் குழுவுக்குத் தம் குரலில் தீர்ப்பை அனுப்புவார். 'தேறாது', 'ஒரு தடவை பாக்கலாம்', 'குடும்பத்தோட பாக்கலாம், குடும்பம் ஒத்துக்கிட்டா' என்று தீர்ப்பில் மூன்று வகை உண்டு. எங்காவது குழாய் வெடித்தால் உடனே தெரிவிப்பதற்காகத்தான் அந்தக் குழுவைத் தொடங்கியிருந்தார்கள். ஒருமுறை ஃபிட்டர் ஒருவர் தீர்ப்புக்கு நடுவே ஒரு தெருவே வெள்ளக்காடாகக் கிடப்பதாகச் செய்தி போட்டுவிட்டு, நல்ல வசவு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

படம் முடியும்வரை பொறுக்கக்கூடாதா என்று புதிதாக வந்தவர்கள் கேட்பதுண்டு. பொறுத்தால் வேறு எவனாவது முந்திக்கொள்வான். முந்தியவன் சொன்னால் அது கருத்து, பிந்தியவன் சொன்னால் அது ஆமாம்சாமி. சரி, பார்க்காத இரண்டாம் பாதியைப் பற்றி எப்படிச் சொல்வது? அதற்கும் மீட்டர் பிரிவில் ஒரு புனிதமான விதி இருக்கிறது. மீட்டர் பார்க்கப் போகும்போது வீடு பூட்டியிருந்தால், 'கதவு பூட்டு' என்று குறித்துவிட்டு, முந்தைய மாதங்களின் சராசரியைப் போட்டுவிடலாம். வீட்டுக்காரர் ஊரிலேயே இல்லாமல் இருந்திருக்கலாம். அல்லது உறவுக்கூட்டம் முழுக்க வந்து குளித்துவிட்டுப் போயிருக்கலாம். அதெல்லாம் சராசரிக்குக் கவலையில்லை. ஆய்வாளர் இந்த விதியைக் கலைத்துறைக்கு நீட்டித்தார். இதுவரை வந்த இரண்டாம் பாதிகளில் நாயகன் அடி வாங்குகிறான், அம்மாவை நினைக்கிறான், மழை பெய்கிறது, எழுந்து திருப்பி அடிக்கிறான். புதுப் படத்துக்கும் அதுவே சராசரி. பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. சரியாக இல்லாத படங்களில் தவறு இயக்குநர்களுடையது.

அவருடைய அயராத தொண்டின் பலனாக, அலுவலகத்தில் படம் பார்க்கும் வழக்கமே ஒழிந்துபோயிற்று. கருத்து கைக்கு வந்த பிறகு படம் எதற்கு? தட்டச்சர் அம்மாள் முழங்கால் வலி வந்த நாளிலிருந்து தியேட்டர் படி மிதித்ததில்லை. ஆனால் இந்த வருடத்து ஒளிப்பதிவு போன வருடத்தைப்போல இல்லை என்பதில் அவர் மிக உறுதியாக இருந்தார். அலுவலகத் தலைவரான பொறியாளர் எல்லாக் கருத்தையும் ஆமோதித்துவிட்டு, கடைசியில் 'இருந்தாலும்' என்று ஒரு சொல் சேர்ப்பார். மேலதிகாரி என்றால் சும்மாவா?

இப்படி நாடும் வீடும் நலமாக இருந்த வேளையில்தான் ஆய்வாளருடைய மச்சானின் படம் வெளிவந்தது.

மச்சான் என்றால் மனைவியின் சொந்தத் தம்பி. ஆய்வாளர் வீட்டிலேயே தங்கி, துணி துவைக்கும் இயந்திரம் இருக்கும் சின்ன அறையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தவன். கதை கேட்டவர்கள் எல்லாரும் 'பிரமாதம்' என்று சொல்லி வழியனுப்பினார்கள். எப்படியோ ஒருவர் மனம் இரங்க, படம் எடுத்து முடித்தான். வெளியானது ஒரே ஒரு இடத்தில், நான்கு அரங்குகள் கொண்ட தியேட்டரின் ஆகச் சிறிய அரங்கில். சனி, ஞாயிறில் கூட்டம் வராவிட்டால் திங்கள் காலையில் எடுத்துவிடுவோம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள்.

ஆய்வாளரின் மனைவி மருந்துக்கடையில் மருந்தாளுநர். மருத்துவரின் சீட்டை மேலிருந்து கீழ்வரை படிக்காமல் ஒரு மாத்திரைகூட எடுத்துக் கொடுக்காத ஆள். வியாழக்கிழமை மாலை துணி மடித்துக்கொண்டே கேட்டார், நாளைக்குத் தம்பி படத்துக்குப் போகிறீர்கள்தானே என்று. போகாமல் இருப்பேனா, முதல் ஆளாக நிற்பேன் என்றார் ஆய்வாளர்.

"முழுசா பாருங்க," என்றார் மனைவி.

"என்ன பேச்சு இது? எல்லாப் படத்தையும் முழுசாத்தானே பாக்கறேன்."

மனைவி மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டுக் கையை நீட்டினார். "ஃபோன் இங்கயே இருக்கட்டும். அவன் ராத்திரி பகலா உக்காந்து எழுதினத நான் கண்ணால பாத்திருக்கேன். நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னே சொல்லுங்க, கேட்டுக்கறேன். ஆனா பாத்துட்டுச் சொல்லுங்க."

மறுநாள் காலையில் ஃபோன், காய்ச்சல் பார்க்கும் கருவியோடு அலமாரி இழுப்பறைக்குள் போயிற்று. ஆய்வாளர் ஆயுதம் பறிக்கப்பட்ட தளபதியாகத் தியேட்டருக்குப் போய்ச் சேர்ந்தார்.

படத்தின் கதை இது. தொலைபேசியில் புகார் வாங்கும் அலுவலகத்தில் ஒரு பெண் வேலை பார்க்கிறாள். அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காது மந்தமாகிறது. வெளியில் சொன்னால் வேலை போய்விடும். அதனால் கூப்பிடுகிறவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகித்தே பதில் சொல்லி ஒப்பேற்றுகிறாள். ஒருநாள் யாரோ ஒருவர் கூப்பிட்டு, வெகுநேரம் ஏதோ சொல்கிறார், அழுகிறார்போலவும் இருக்கிறது. அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. "சரிங்க, கவனிச்சுக்கறோம்," என்று சொல்லி வைத்துவிடுகிறாள். வைத்த பிறகு ரிசீவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இடைவேளை.

கையில் ஃபோன் இல்லாததால் ஆய்வாளருக்கு வேறு வழியில்லாமல் திரையைப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தார். உண்மையைச் சொன்னால், அந்தப் பெண் ரிசீவரை வைத்த இடத்தில் அவருக்கு, கூப்பிட்டவர் என்னதான் சொன்னார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. சினிமா பார்த்து இப்படி ஒரு ஆசை வந்து அவருக்கு எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

ஆனால் விளக்கு போட்டதும் பழைய வியாதி தலைதூக்கியது. இடைவேளை, படிக்கட்டு, தொண்டை எல்லாம் தயார். ஃபோன்தான் இல்லை. வராமல் நிற்கும் தும்மலாகக் கருத்து மூக்குவரை வந்து முட்டியது. யாரிடமாவது சொன்னால் ஒழிய அடங்காது என்று ஆகிவிட்டது. பாப்கார்ன் விற்கும் இடத்தில் ஒரு வழுக்கைத்தலைக்காரர் இரண்டு பெரிய பாப்கார்ன் டப்பாக்களை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினார். ஆய்வாளர் அவரைப் பிடித்துக்கொண்டார். கருத்து சொல்ல இதைவிட உகந்த ஆள் அமையாது. இரண்டு கையும் நிறைந்திருப்பவரால் காதைப் பொத்திக்கொள்ள முடியாதல்லவா?

ஆய்வாளர் பேசினார். முதல் பாதியின் மௌனம், அந்த மௌனத்தின் அழுத்தம், அழுத்தம் குறைந்தால் மாடிக்குத் தண்ணீர் ஏறாதது என்று தொடர்ந்து பேசினார். வழுக்கைத்தலைக்காரர் "ம்" கொட்டினார். மணி அடித்தது. அவர் நடந்தார், ஆய்வாளரும் பேசிக்கொண்டே கூட நடந்தார். அவர் ஒரு கதவைத் தோளால் தள்ளி இருட்டுக்குள் நுழைந்தார், ஆய்வாளரும் நுழைந்தார். அவர் உட்கார்ந்தார். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அது பக்கத்து அரங்கு என்பதையும், அங்கே ஓடிக்கொண்டிருந்தது ஊரெல்லாம் பேசப்பட்ட பெரிய கப்பல் படம் என்பதையும் நாம் இங்கே குறித்துக்கொள்கிறோம். ஆய்வாளர் குறித்துக்கொள்ளவில்லை.

மனைவிக்குக் கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றினார். கண் கொட்டாமல் பார்த்தார். புயல் வந்தது, கப்பல் சாய்ந்தது, மீசை வைத்த கேப்டன் சுக்கானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மனைவியை நினைத்தார். சாதாரண ஆளாக இருந்தால் படம் மாறிப்போனதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பான். ஆய்வாளர் நிபுணர். எதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. அலுவலகம் எங்கே? அதைத்தான் இயக்குநர் உடைத்துவிட்டாரே. அந்தப் பெண் எங்கே? கதாநாயகியையே பாதியில் கைவிடுகிறான் பாரு, என்ன துணிச்சல். இந்தக் கடல்? காது கேட்காதவளின் காதுக்குள் இரைகிற கடல் அது. தொலைபேசியில் அழுதவர்தான் கேப்டன். கப்பல் மூழ்கியபோது ஆய்வாளர் தேம்பித் தேம்பி அழுதார். இத்தனை நாளும் இரண்டாம் பாதி என்ற ஒன்றைப் பார்க்காமல் விட்டோமே என்று தோன்றியது. தன் வீட்டுத் துணி துவைக்கும் அறையில் ஒரு மேதை குடியிருந்திருக்கிறான், நாம்தான் கண்டுகொள்ளவில்லை என்று நெஞ்சு விம்மியது.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தார். வாழ்க்கையிலேயே மிக நீளமான தீர்ப்பை அன்று வழங்கினார். "முதல் பாதி ஆபீஸ். ரெண்டாம் பாதி கடல். நடுவுல ஒரு காது. அவ்வளவுதான் சொல்லுவேன்," என்று தொடங்கி, அவ்வளவோடு நிறுத்தாமல் கப்பலைக் கட்டி, ஓட்டி, மூழ்கடித்துவிட்டுத்தான் ஓய்ந்தார். மூன்று வகைத் தீர்ப்புகளையும் தாண்டி, 'கண்டிப்பாகப் பார்க்க வேண்டியது' என்று நான்காவதாக ஒன்றை அன்று நிறுவினார்.

மனைவியிடம் அவர் சொன்னது இரண்டே வாக்கியம். முழுசா பாத்தேன். பிரமாதம். மனைவியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. கேட்காமலேயே இரண்டாவது காப்பி வந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு வந்த மச்சான், "மாமா, பாத்தீங்களாமே?" என்றான்.

"பாத்தேன் மாப்ளே. அழுதுட்டேன்."

மச்சான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போனான். பெரிய கலைஞர்கள் பாராட்டைத் தாங்கமாட்டார்கள் என்று ஆய்வாளர் நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை அலுவலகமே படத்தைப் பற்றித்தான் பேசியது. எல்லாரும் பார்த்திருந்தார்கள், அதாவது கருத்தைக் கேட்டிருந்தார்கள். தட்டச்சர் அம்மாளுக்கு, கேப்டன் மனைவியை நினைக்கிற இடத்தில் மூக்குக்கண்ணாடி நனைந்துவிட்டதாம். கணக்குப் பிரிவில் ஒருவர் கப்பலின் பெயர்ப்பலகையில் இருந்த துருவை வியந்தார். அந்தத் துரு ஆய்வாளருக்கே தெரியாது. ஆனாலும் ஆமாம் என்று தலையாட்டிவைத்தார். பொறியாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இருந்தாலும் மூழ்கறப்ப தண்ணி கொஞ்சம் பத்தல," என்றார். துறை சார்ந்த கருத்து என்பதால் அது தனி மரியாதையோடு ஏற்கப்பட்டது. இப்படிப்பட்ட இயக்குநருக்குத் திங்கட்கிழமை மாலை அலுவலகக் கூடத்தில் பாராட்டு விழா நடத்துவதென்று முடிவாயிற்று. விழா ஏற்பாடுகளில் எல்லாரும் மும்முரமாக இருந்ததால், சனி, ஞாயிறில் தியேட்டர் பக்கம் போக ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

திங்கள் காலையில் படத்தை எடுத்துவிட்டார்கள்.

பாராட்டு விழா திட்டமிட்டபடி நடந்தது. கூடத்தில் நாற்காலிகள் நிறைந்து, சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். பலகையில் கப்பல் படம் வரைந்து ஒட்டியிருந்தது. முன்வரிசையில் ஆய்வாளரும், பக்கத்தில் அவர் மனைவியும். மனைவி ஞாயிற்றுக்கிழமை தம்பியின் படத்தைப் பார்த்திருந்தார், முழுக்க. பலகையில் கப்பலைக் கண்டதும், ஏதோ துறை சம்பந்தப்பட்டது போலிருக்கிறது என்று அவர் சும்மா இருந்துவிட்டார். பொறியாளர் எழுந்து, புயல் காட்சியில் இயக்குநர் காட்டிய நுட்பத்தைப் புகழ்ந்தார். மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தார். தட்டச்சர் அம்மாள் எழுந்து, கேப்டனின் மீசையில் உப்புநீர் வழிந்த இடத்தை நினைவுகூர்ந்து குரல் தழுதழுத்தார். மனைவி மெதுவாகத் தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தார். மாத்திரைச் சீட்டில் ஏதோ ஒரு வரி உதைக்கும்போது பார்ப்பாரே, அதே பார்வை. 

கடைசியில் மச்சானைப் பேசச் சொன்னார்கள். மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டான்.

"எல்லாருக்கும் நன்றி," என்றான். "என் படத்துல கப்பல் கிடையாது."

 பொறியாளர் முதலில் கைதட்டினார். பார்த்தீர்களா, இதற்குப் பெயர்தான் அடக்கம் என்றார். கணக்குப் பிரிவுக்காரர் எழுந்து, கப்பல் வந்தது இயக்குநருக்கே தெரியாமல் இருப்பதுதான் உயர்ந்த கலை என்று விளக்கினார். கைதட்டல் வலுத்தது. மச்சான் அது அடங்கும்வரை காத்திருந்தான்.

"மூணு நாளும் எல்லா ஷோவும் கடைசி வரிசையில உக்காந்திருந்தேன். இந்த ஆபீஸ்லேருந்து ஒருத்தர்தான் வந்தார். இடைவேளையில எழுந்து போனார். எப்படியும் திரும்பி வந்துடுவார்னு படம் முடியற வரைக்கும் அவர் சீட்டையே பாத்துட்டு இருந்தேன்."

அவன் மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனான். மனைவியும் எழுந்து அவன் பின்னாலேயே போனார்.  அப்போதுதான் ஆய்வாளருக்கு எல்லாம் விளங்கிற்று. வழுக்கைத்தலை, இரண்டு டப்பா, தோளால் தள்ளிய கதவு எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கூட்டம் அதற்காகக் கலைந்துவிடவில்லை. நல்ல படங்களுக்கு ஆதரவு தராத பொதுமக்களின் ரசனை நாளுக்கு நாள் தாழ்ந்து வருவதைக் கண்டு இக்கூட்டம் ஆழ்ந்த வருத்தம் கொள்கிறது என்று பொறியாளர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அது ஒருமனதாக நிறைவேறியது. எதிர்த்துக் கை தூக்கியவர் யாருமில்லை. அன்றைக்கு ஆய்வாளரும் தூக்கவில்லை.

கூடத்தைவிட்டு வெளியே வந்தவர் நேராகத் தியேட்டருக்குப் போனார். சின்ன அரங்கின் கதவு பூட்டிக் கிடந்தது. நாளையிலிருந்து அங்கேயும் கப்பல்தான் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். டிக்கெட் கிழிப்பவரிடம் மச்சானின் படத்தைப் பற்றி விசாரித்தார். எடுத்தாயிற்று, ஆளே வரவில்லை என்றார் அவர். பாவம், நல்ல படம் என்றும் சொன்னார்.

"நீங்க பாத்தீங்களா?"

"இல்ல சார். உங்கள மாதிரி ஆளுங்க பேசிக்கிட்டாங்க."

வீட்டுக்கு வந்தபோது துணி துவைக்கும் அறை உள்ளே தாழிட்டிருந்தது. இரண்டு தடவை தட்டினார். "மாப்ளே" என்று கூப்பிட்டுப் பார்த்தார். கதவு திறக்கவில்லை. சமையலறையில் மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். ஆய்வாளர் வாசற்படியிலேயே நின்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வந்தார். ஆனால் வெள்ளிக்கிழமை இடைவேளையிலிருந்து தொண்டையில் நின்றிருந்த ஒன்று முதலில் வெளியே வந்துவிட்டது. வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு படத்தைப் பற்றி அவரிடம் கருத்து இல்லை, கேள்வி இருந்தது.

"அந்தப் பொண்ணுக்கு ஃபோன் வந்துச்சே," என்றார். "அவளுக்குக் காதுல விழலையே. அவங்க என்னதான் சொன்னாங்க?"

மனைவி திரும்பவில்லை. "தியேட்டருக்குப் போய்ப் பாருங்க."

"போனேன். கதவு பூட்டியிருந்துச்சு."

மனைவி குழாயை மூடினார். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக அவரைப் பார்த்தார்.

"அப்புறம் என்ன? சராசரி போட்டுக்கங்க."